முதல் சிகரெட்டைக் கொடுத்த கை

போன செவ்வாய்க்கிழமை இரவு டியூஷன் முடிந்து பிள்ளைகள் எல்லாரும் கிளம்பிப் போன பிறகு மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன், கடைசி மேசைக்கு அடியில் ஒரு பென்சில் பெட்டி கிடந்தது. யாருடையது என்று பார்க்கத்தான் திறந்தேன். இரண்டு பேனா, நுனி உடைந்த ரூலர், ஊதா நிறத்தில் ஒரு ஹைலைட்டர். ஹைலைட்டர் என்றுதான் நினைத்தேன், அதே பருமன், அதே மாதிரி மூடி. கையில் எடுத்தால் கனமாக இருக்கிறது. மூடியைக் கழற்றியதும் திராட்சை வாசம், தீபாவளிக்குப் பிள்ளைகளுக்கு வாங்கி வைப்போமே கலர் தண்ணி, அந்த வாசம். வேப், அதாவது மின்சிகரெட்.

பத்து நிமிடத்தில் பெட்டியைத் தேடிக்கொண்டு அவனே திரும்பி வந்தான். படிவம் 2 படிக்கிறான், பதினாலு வயது, கணக்கில் கெட்டி, நான் பலகையில் எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவான். படிக்கட்டு வாசலில் நின்று, "சார், பென்சில் பெட்டிய விட்டுட்டு..." என்று ஆரம்பித்தவன் என் கையைப் பார்த்ததும் நின்றுவிட்டான். கொஞ்ச நேரம் இரண்டு பேருமே பேசவில்லை. அப்புறம் அவன்தான் மெதுவாகச் சொன்னான்: "அது சிகரெட் இல்ல சார். வெறும் ஃபிளேவர்தான்."

"யாருப்பா குடுத்தது?"

"நானேதான் வாங்குனேன் சார்."

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அது பொய் என்று எனக்கு அந்த நொடியே தெரியும், ஏனென்றால் 1997-இல் அம்மா என் சட்டைப் பையை மோந்து பார்த்துவிட்டுக் கேட்டபோது இதே மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டு இதே பொய்யைத்தான் நானும் சொன்னேன். கொடுத்தவரைக் காட்டிக் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான் அந்தப் பொய்யின் காரணம். நமக்குப் பிடித்த ஒருவர் கொடுத்திருந்தால்தான் அப்படி ஒரு பொய் வாயில் வரும்.

பெட்டியை அவனிடம் கொடுத்தேன், வேப்பை என்னிடம் வைத்துக்கொண்டேன். "இன்னிக்கு ராத்திரி உங்கம்மாகிட்ட சொல்ல மாட்டேன், ஆனா சொல்லாமயும் இருக்க மாட்டேன், நாளைக்கு வா, பேசுவோம்" என்று சொல்லி அனுப்பினேன். அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகிற பழைய சாலையில் வரும், சுற்றிலும் தோட்டங்கள், முன்பு எல்லாம் ரப்பர், இப்போது பெரும்பாலும் செம்பனை. நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் இப்போது தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இல்லை, கோவில் மட்டும்தான் இருக்கிறது, ஆட்கள் எல்லாரும் ஊர்ப்பக்கம் தாமான் வீடுகளுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் எங்களில் யாரையாவது நீ எங்கே என்று கேட்டால் இன்னும் தோட்டத்தின் பெயரைத்தான் சொல்வோம். என்னிடம் டியூஷனுக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேருடைய அப்பாவோ மாமாவோ என்னோடு அந்தத் தோட்டத்துத் திடலில் பந்து விளையாடியவர்கள். ஆகையால் இங்கே ஒரு பையன் கெட்டுப்போனான் என்று கேள்விப்பட்டால் அது எனக்கு ஊர்ச் செய்தி இல்லை, வீட்டுச் செய்தி.

பிள்ளை சிகரெட் பிடிக்கிறான், வேப் இழுக்கிறான் என்றால் நம்மவர்கள் உடனே சொல்வது "கெட்ட சகவாசம்". பெற்றோர் கூட்டத்தில் சொல்கிறோம், கோவில் திருவிழா மேடையில் சொல்கிறோம், பள்ளி மண்டபத்தில் மைக்கைப் பிடித்தவர் எல்லாரும் சொல்கிறார். எனக்கு அந்த வார்த்தையில் நம்பிக்கை போய் ரொம்ப நாளாகிறது. எனக்குச் சிகரெட் பழக்கியவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்க்கிறேன். ஒருத்தர்கூடக் கெட்டவர் இல்லை. என் வாழ்க்கையில் நான் பார்த்த நல்ல மனிதர்கள் அவர்கள்.

அப்பாவிடமிருந்து ஆரம்பிக்கிறேன். அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டுபவர். விடிவதற்கு முன்னே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், அங்கிருந்து தன் மர நிரைக்குப் போகும்போது இடுப்பில் ஒரு தகரத்தில் கொசுவத்தி புகைந்துகொண்டிருக்கும், உதட்டில் சிகரெட் புகைந்துகொண்டிருக்கும், இரண்டும் கொசுவுக்குத்தான் என்பார். சாயங்காலம் என்னை ஒட்டுக்கடைக்கு அனுப்புவார். எனக்கு எட்டு வயது. கடன் புத்தகத்தைக் கையில் கொடுத்து, "அப்பாவுக்கு அஞ்சு சிகரெட்னு சொல்லு" என்பார். கடைக்கார மாமா பெட்டியிலிருந்து ஐந்தை உருவி நாளிதழ்த் துண்டில் சுருட்டித் தருவார், கூட எனக்கு ஒரு மிட்டாய் தருவார். திரும்பி வரும்போது ரப்பர்க் காட்டுப் பாதையில் ஒரு சிகரெட்டை எடுத்து உதட்டில் வைத்துக்கொண்டு அப்பா மாதிரி கண்ணைச் சுருக்கி நடப்பேன். பற்ற வைத்ததில்லை, நெருப்பு இல்லை. ஆனால் அந்தப் புகையிலை வாசம் எனக்கு அப்பா வாசம். சட்டையிலும், என்னைத் தூக்கும் கையிலும், போர்வையிலும் அதே வாசம்தான். பெற்றோர் புகைக்கிற வீட்டுப் பிள்ளைகள் புகைக்கத் தொடங்கும் வாய்ப்பு அதிகம் என்று பல நாடுகளின் ஆய்வுகள் சொல்கின்றன. எனக்கு அது புரிவதற்கு ஆய்வு தேவைப்படவில்லை.

வீட்டுக்கு வெளியே போனாலும் அதேதான். எங்கள் அக்கா கல்யாணத்தில் வந்தவர்களுக்கு வெற்றிலை பாக்குத் தட்டு கொண்டு போனது நான்தான். அந்தத் தட்டில் வெற்றிலைக்குப் பக்கத்திலேயே சிகரெட்டைப் பிரித்து வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். சிகரெட் வைக்காவிட்டால் மரியாதை இல்லை என்று மாமா சொன்னது ஞாபகம் இருக்கிறது. சாவு வீட்டிலும் ராத்திரி முழிக்கிறவர்களுக்குத் தட்டில் சிகரெட் இருக்கும். முனியாண்டி கோவிலில் சுருட்டுப் படைப்போம், அதைப் பற்ற வைத்துச் சாமிக்கு முன்னால் வைக்கும்போது நாங்கள் சின்னப் பிள்ளைகள் கண் இமைக்காமல் பார்ப்போம், புகை நன்றாக எழுந்தால் சாமி ஏற்றுக்கொண்டார் என்பார் பூசாரி. (சாமியைக் குறை சொல்லவில்லை. நான் இன்றைக்கும் வருடா வருடம் அந்தக் கோவிலுக்குப் போகிறேன், போகாமல் இருக்க முடியாது.) பாட்டி வெற்றிலையோடு புகையிலை மென்றார், அதை யாரும் கெட்ட பழக்கம் என்று எண்ணியதே இல்லை. சந்தோஷம், துக்கம், மரியாதை, பக்தி, உழைப்பு, இத்தனைக்கும் நடுவில் புகையிலை இருந்தது. பள்ளியில் மட்டும் ஒரு சுவரொட்டியில் கறுத்துப்போன நுரையீரல் படம் இருந்தது. பிள்ளை எதை நம்புவான்?

டிவியைப் போட்டால் அங்கேயும் இருந்தது. சிகரெட்டைக் கையில் பிடித்துக் காட்டும் விளம்பரம் அப்போதே டிவியில் கிடையாது, ஆனால் தொண்ணூறுகளில் நாட்டின் காற்பந்து லீக்கே ஒரு சிகரெட் கம்பெனியின் பெயரில்தான் நடந்தது, திடல் ஓரப் பலகைகளில் அந்தப் பெயர், அந்த நிறங்கள். பேராக் விளையாடுகிற ராத்திரியில் கிளப் மண்டபத்து டிவி முன்னால் தோட்டமே உட்கார்ந்திருக்கும். எங்களுக்குப் பந்தும் அந்தப் பெயரும் ஒன்றாகவே மனதில் பதிந்தது.

ஆனால் கையில் வாங்கிப் பற்ற வைத்தது விளம்பரத்தைப் பார்த்து இல்லை.

எங்கள் தோட்டத்துக் காற்பந்துக் குழுவின் கேப்டன் ஓர் அண்ணன். ரப்பர் ஆலையில் வேலை. சம்பளம் வாங்கினால் சின்னப் பையன்களுக்கு ஐஸ் காச்சாங் வாங்கித் தருவார், யாருக்காவது சப்பாத்து இல்லையென்றால் தன் பழைய சப்பாத்தைக் கொடுப்பார், அப்பாமார் குடித்துவிட்டு வந்து வீட்டில் அடித்தால் பையன்கள் ஓடிப்போய் நிற்பது அவர் வீட்டு வாசலில்தான். நான் படிவம் 2 படிக்கும்போது ஒரு சனிக்கிழமை பக்கத்துத் தோட்டத்தோடு ஆட்டம், ஓர் ஆளுக்குக் கால் பிசகிவிட்டது, என்னை இறக்கிவிட்டார்கள். கோல் எல்லாம் போடவில்லை. கடைசி நிமிடத்தில் ஒரு பந்தைத் தடுத்தேன், அவ்வளவுதான். ஆட்டம் முடிந்து பெரிய அண்ணன்மார் எல்லாரும் தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்கார்ந்தார்கள். வழக்கமாகச் சின்னப் பையன்கள் அங்கே போக மாட்டோம். அன்றைக்கு கேப்டன் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், நகர்ந்து இடம் கொடுத்தார். ஒரே சிகரெட் சுற்றி வந்தது. என் முறை வந்தபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை, சும்மா நீட்டினார். வாங்கினேன்.

இருமினேன், கண்ணில் தண்ணீர் வந்தது, வயிற்றைப் புரட்டியது. யாரும் சிரிக்கவில்லை. அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தார். இன்றைக்கும் அந்தக் கை முதுகில் இருக்கிற மாதிரிதான் இருக்கிறது.

யாரும் என்னை வற்புறுத்தவில்லை, மிரட்டவில்லை, பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்யவில்லை. பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது எல்லாம் கெட்ட பையன் ஒருவன் வந்து நீட்டினால் "வேண்டாம்" என்று எப்படிச் சொல்வது என்றுதான். 2004-இல் அரசாங்கம் ஆரம்பித்த பெரிய பிரச்சாரத்தின் பெயரே "தாக் நாக்", மலாயில் வேண்டாம் என்பதுதான். அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் வேண்டாம் என்று நான் யாரிடம் சொல்ல வேண்டியிருந்தது என்பதை யோசித்துப் பாருங்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக என்னை ஒரு ஆளாக மதித்துப் பக்கத்தில் உட்கார வைத்த மனிதரிடம். பதினாலு வயதில் அதை யார் சொல்வார்கள்?

அதற்கப்புறம் பதினேழு வருடம் பிடித்தேன். நிக்கோட்டின் புகையோடு உள்ளே போய்ப் பத்து, இருபது நொடிக்குள் மூளையைத் தொட்டுவிடும், பதின்ம வயதில் மூளை இன்னும் வளர்ந்துகொண்டே இருக்கிறது, இருபத்தைந்து வயது வரைக்கும் வளர்கிறது, அந்த வளர்ச்சியோடு சேர்ந்தே பழக்கமும் உள்ளே கட்டப்பட்டுவிடுகிறது. இது எல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. அப்பாவுக்கு நுரையீரல் போய், கடைசி இரண்டு வருடம் வீட்டில் ஆக்சிஜன் மெஷினோடு இருந்தார். அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றைக்கு மூச்சு வாங்க அவர் படும் பாட்டைப் பார்க்க முடியாமல் நான் வெளியே வந்து, கார் நிறுத்தும் இடத்துக்குப் பின்னால் போய், ஒரு சிகரெட் பற்ற வைத்தேன். அதைத்தான் நான் செய்தேன். அவர் போனது 2013-இல். நான் விட்டது அதற்கு அடுத்த வருடம், நாலு தடவை தோற்ற பிறகு, அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் சூயிங்கம் கொடுத்து வாரா வாரம் போன் போட்டு விசாரித்த ஒரு மருத்துவ உதவியாளரின் தயவில். முதல் மூன்று நாள்தான் நரகம். ஐந்தாம் நாள் காலையில் காப்பியின் வாசம் திடீரென்று தெரிந்தது, அழுதுவிட்டேன்.

சரி, வேப்புக்கு வருகிறேன்.

சிகரெட்டுக்கு ஒரு குணம் இருந்தது, முதல் இழுப்பில் உடம்பு எதிர்க்கும். இருமல், குமட்டல், தலைசுற்றல். பல பேர் அதோடு விட்டதும் உண்டு. நாற்றம் வேறு, அம்மா கண்டுபிடித்துவிடுவார். இப்போது பிள்ளைகள் கையில் இருக்கிற சாதனத்தில் அந்த இரண்டு காவலும் இல்லை. நிக்கோட்டினை அமிலம் சேர்த்து உப்பு வடிவத்தில் மாற்றுகிறார்கள், அப்படி மாற்றினால் தொண்டையில் எரியாது, எரியாததால் அதிக அளவு நிக்கோட்டினை இருமலே இல்லாமல் உள்ளே இழுக்கலாம். மேலே திராட்சை, மாங்காய், ஐஸ்கிரீம். வீட்டுக்கு வந்தால் பையன் மேல் மிட்டாய் வாசம் அடிக்கும், அம்மா என்ன கண்டுபிடிப்பார்? தனியாக வாங்கக் காசில்லை என்றால் நாலு பேர் கொங்சி போட்டு ஒன்று வாங்கி, இடைவேளையில் கழிவறையில் கை மாற்றுகிறார்கள். தூங்குமூஞ்சி மரத்தடியில் எங்களிடம் ஒரே சிகரெட் சுற்றி வந்த மாதிரிதான். அந்த வட்டம் அப்படியே இருக்கிறது, மரம்தான் போய்விட்டது. இதில் போதைப்பொருள் கலந்து விற்பதைப் போலீஸ் பிடிப்பதும் அடிக்கடி செய்தியில் வருகிறது, அதை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

2022-இல் நாடு முழுக்க 13 முதல் 17 வயது மாணவர்களிடம் சுகாதார அமைச்சு ஆய்வு நடத்தியது. சிகரெட் பிடிப்பவர்கள் 2017-இல் 13.8 விழுக்காடு இருந்தது 6.2 ஆகக் குறைந்திருந்தது. அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்தால் மேளம் கொட்டலாம். ஆனால் அதே ஐந்து வருடத்தில் வேப் 9.8-இலிருந்து 14.9-க்கு ஏறியிருக்கிறது. பையன்களில் நாலில் ஒருவன் என்று சொல்லும் அளவுக்கு. எங்கள் காலத்தில் தோட்டத்தில் ஒரு பெண் பிள்ளை சிகரெட் பிடித்தாள் என்று யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டோம், இப்போது என் வகுப்பிலேயே இரண்டு பெண் பிள்ளைகள் மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. சிகரெட்டை ஆம்பளைப் பழக்கம் என்று வைத்திருந்தோம், வேப்புக்கு அப்படி எந்த வேலியும் இல்லை.

சட்டத்தைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு. 2023 மார்ச் 31-ஆம் தேதி, திரவ நிக்கோட்டினை நச்சுப் பொருள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். அடுத்த நாள் முதல் மில்லிலிட்டருக்கு 40 சென் வரி. வரி வந்துவிட்டது, ஆனால் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வேப் விற்கக் கூடாது என்று சொல்லும் சட்டம் 2024 அக்டோபர் 1-ஆம் தேதிதான் அமலுக்கு வந்தது. நடுவில் பதினெட்டு மாதம். சிகரெட்டைப் பிள்ளைக்கு விற்றால் குற்றம், நிக்கோட்டின் வேப்பை விற்றால் குற்றம் இல்லை. இந்தப் பென்சில் பெட்டிக்காரன் அப்போது ஆறாம் ஆண்டு, தமிழ்ப்பள்ளியில் இருந்தான். அந்தப் பதினெட்டு மாதத்தில் எங்கள் ஊரில் திறந்த வேப் கடைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மிட்டாய்க் கடைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது.

அதற்கு முன்னால் இன்னொன்று இருந்தது. 2007 ஜனவரி 1-க்குப் பிறகு பிறந்தவர்களுக்குச் சிகரெட்டோ வேப்போ வாழ்நாள் முழுவதும் விற்கவே கூடாது என்று ஒரு திட்டம், 2022-இல் கைரி ஜமாலுடின் சுகாதார அமைச்சராக இருந்தபோது நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவந்தார். அடுத்த வருடம் மசோதா நிறைவேறும்போது அந்தப் பகுதியை மட்டும் நீக்கிவிட்டார்கள், அரசியலமைப்பின் 8-ஆவது பிரிவு சொல்லும் சமத்துவத்துக்கு முரணாகலாம் என்று காரணம் சொன்னார்கள். நான் வழக்கறிஞன் இல்லை. ஆனால் என் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் அத்தனை பேரும் 2007-க்குப் பிறகு பிறந்தவர்கள். அந்தப் பகுதி இருந்திருந்தால் இவர்களுக்குச் சட்டப்படி எந்தக் கடையும் எந்தக் காலத்திலும் விற்க முடியாது. அதை விட்டுவிட்டோமே என்று எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆனாலும் சட்டம் எட்டாத ஓர் இடம் இருக்கிறது. 2015 நவம்பரில் வரியை உயர்த்தியபோது பெயர் பெற்ற சிகரெட் பெட்டி 13 வெள்ளி 80-இலிருந்து 17 வெள்ளிக்குப் போனது. என் கூட்டாளிகளில் சில பேர் விட்டார்கள், பல பேர் கடத்தல் சிகரெட்டுக்கு மாறினார்கள், ஐந்து வெள்ளிக்கும் குறைவாகக் கிடைத்தது. ஒற்றையாக விற்கக் கூடாது என்று சட்டம் இருந்தும், கடைக்குள் ஒற்றையாகக் கேட்டால் கிடைத்த காலத்தை நான் பார்த்திருக்கிறேன். பள்ளியில் பிடிபட்டால் ரோத்தான் அடி, இல்லையென்றால் இரண்டு வாரம் இடைநீக்கம். அந்த இரண்டு வாரம் பையன் யாரோடு இருப்பான்? வீட்டில் அம்மா அப்பா வேலைக்குப் போயிருப்பார்கள், ஒட்டுக்கடை வாசலில் வேலையில்லாத அண்ணன்மார் உட்கார்ந்திருப்பார்கள். (பள்ளிக்கு வரும் பல் மருத்துவக் குழுவினர் இதைவிட நல்ல வேலை செய்கிறார்கள். "கோத்தாக்" என்ற திட்டத்தில் வாயைச் சோதிக்கும்போதே பிள்ளையைத் தனியாக உட்கார வைத்துப் பேசி, விட நினைப்பவனுக்கு வழி காட்டுகிறார்கள். அடிப்பதில்லை, வெளியே அனுப்புவதில்லை.)

புதன்கிழமை அவன் வந்தான். வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே. நான் என் கதையை எல்லாம் சொன்னேன், மேலே எழுதியிருப்பதை, அப்பாவை, கேப்டனை, ஆஸ்பத்திரிப் பின்பக்கத்தை. அவன் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தான். அப்புறம் சொன்னான்.

"மாமாதான் சார் குடுத்தாரு. நான் கூட்டாளியோட சிகரெட் பிடிச்சத மாமா பாத்துட்டாரு. அடிக்கல சார். சிகரெட்டு உடம்பக் கெடுக்கும், அதத் தொடாத, ரொம்ப ஆசையா இருந்தா இத வச்சுக்கோ, இதுல ஒண்ணும் இல்லன்னு சொல்லிக் குடுத்தாரு."

அவனுடைய மாமா அம்மாவின் தம்பி, செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். அப்பா சிங்கப்பூரில் வேலை, மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். டியூஷன் பணம் கட்டுவது மாமா. மழை பெய்தால் வந்து கூட்டிப் போவது மாமா. மருமகன் கெட்டுப்போய்விடக் கூடாது என்ற கவலையில்தான் அதைக் கொடுத்திருக்கிறார், அவர் அளவில் அது பிள்ளையைக் காப்பாற்றுகிற காரியம்.

அந்த மாமாவை எனக்குத் தெரியும். தெரியும் என்றால், இதை எழுதத்தான் நான்கு நாளாக மனதைத் திடப்படுத்திக்கொண்டிருக்கிறேன்.

2003-இல் நான் பல்கலைக்கழக விடுமுறைக்குத் தோட்டத்துக்கு வந்திருந்தேன். எங்கள் லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான், போகிற இடமெல்லாம் சின்னப் பையன்கள் பின்னாலேயே வருவார்கள். அதில் ஒரு பையனுக்குப் பதிமூன்று வயது, என்னை விட்டு நகரவே மாட்டான், நான் என்ன புத்தகம் படிக்கிறேன் என்று எட்டிப் பார்ப்பான். ஒரு சாயங்காலம் பால் ஸ்டோருக்குப் பின்னால் நான் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தேன், அவன் பக்கத்தில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஒன்றும் யோசிக்கவில்லை. சும்மா நீட்டினேன். அவன் இருமினான். நான் முதுகைத் தட்டிக் கொடுத்தேன்.

அவன்தான் இந்த மாமா.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேப்பைப் பையில் போட்டுக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் லோரியைக் கழுவிக்கொண்டிருந்தான், முப்பத்தைந்து வயது, காதோரம் நரைத்திருக்கிறது, கழுத்தில் கயிறு போட்டு ஒரு வேப்பை மாட்டியிருந்தான். "வாங்கண்ணே, உக்காருங்க, தண்ணி கலக்கச் சொல்றேன்" என்றான். நான் உட்காரவில்லை. ஊதா நிறத்தில் இருந்ததை எடுத்துக் காட்டினேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. நான் திட்ட வரவில்லை, மன்னிப்புக் கேட்க வந்தேன் என்று சொன்னேன். பால் ஸ்டோருக்குப் பின்னால் உனக்கு நான் கொடுத்தது ஞாபகம் இருக்கா என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான். "என்னண்ணே இப்படிக் கேக்குறீங்க. மறக்க முடியுமா? படிக்கிற அண்ணன் எனக்குக் குடுத்தாருன்னு ஒரு வாரம் தூங்கலண்ணே. அவ்வளவு சந்தோஷம்."

எனக்குப் பேச்சு வரவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மன்னிப்புக் கேட்டேன். வேப்பில் என்ன இருக்கிறது என்று தெரிந்ததைச் சொன்னேன், ஒன்றும் இல்லை என்று நம்பி அவன் கொடுத்ததில் சிகரெட்டில் இருக்கும் அதே நிக்கோட்டின்தான் இருக்கிறது என்று. அவன் கழுத்தில் தொங்கியதைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். சிகரெட்டை விடுவதற்காகத்தான் இரண்டு வருடத்துக்கு முன்னால் இதற்கு மாறினானாம், இப்போது ராத்திரி எழுந்து இழுக்கிற அளவுக்கு வந்துவிட்டதாம். கிளினிக்கைப் பற்றிச் சொன்னேன். எவ்வளவு ஆகும் என்று கேட்டான். பதிவுக்கு ஒரு வெள்ளி என்றேன்.

"பையன் என்னைச் சொல்லிட்டானா?"

"மொதல்ல சொல்லல. நானே வாங்குனேன்னு சொன்னான்."

அவன் போய்த் தண்ணீர்க் குழாயை அடைத்தான். திரும்பி வரக் கொஞ்ச நேரம் ஆனது.

வருகிற வியாழக்கிழமை அவனுக்கு லோரி வேலை இல்லை. எட்டு மணிக்கு நான் வண்டி எடுத்து வந்து ஏற்றிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பையனின் அம்மாவிடம் மாமாவே சொல்வதாகச் சொன்னான், சொல்லியும்விட்டான், அன்றைக்கு இரவே அக்கா எனக்குப் போன் போட்டு அழுதார். பையனுக்கு வியாழன் காலை பள்ளி இருக்கிறது. மத்தியானம் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவனையும் பார்க்கிறோம் என்று கிளினிக்கில் சொன்னார்கள்.